சிசியரெட்டா ஜோன்ஸ்

மட்டில்டா சிசியரெட்டா ஜோய்னர் ஜோன்ஸ் (ஜனவரி 5, 1868 – ஜூன் 24, 1933) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பாடகி ஆவார். ஆப்பெரா எனப்படும் மேற்கத்திய இசை நாடகப் பாடல்களைச் சொப்ரானோ என்னும் பெண்களின் உச்சக் குரலில் பாடிப் புகழ்பெற்றவர். தம் காலத்தில் மிக அதிக ஊதியம் பெற்ற கறுப்பினக் கலைஞர்களுள் ஒருவராகக் கருதப்பட்டார். ஆயினும் நிறவேற்றுமை காரணமாக, ஒரு முழு ஆப்பெராவில் பாத்திரம் ஏற்று நடிக்கும் வாய்ப்பு இவருக்கு அமெரிக்காவின் பெரிய ஆப்பெரா அரங்கு எதிலும் கிடைக்கவில்லை. 1896 முதல் 1915 வரை தம் பெயரில் இயங்கிய கலைக்குழுவுடன் நாடு முழுவதும் பயணம் செய்து, ஆப்பெரா அரங்கே இல்லாத சிற்றூர்களிலும் ஆப்பெராப் பாடல்களைப் பாடியமை இவரது வாழ்வின் முதன்மையான பணியாகும்.

பிறப்பும் இளமையும்

சிசியரெட்டா வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இவருடைய தந்தை ஜெரமையா மலாக்கி ஜோய்னர் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையில் சமயப் பணி ஆற்றியவர். தாய் ஹென்றியெட்டா தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர்; துணி வெளுக்கும் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தவர்.

1876 ஆம் ஆண்டில் இக்குடும்பம் வடகிழக்கே ரோட் தீவு மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. தென் மாநிலங்களுடன் ஒப்பிடும்போது கறுப்பினச் சிறுவர்கள் கல்வி பெறுவதற்கான வாய்ப்பு அங்கு கூடுதலாக இருந்தது. சிறுமி சிசியரெட்டா பள்ளி விழாக்களிலும் தேவாலயத்திலும் பாடத் தொடங்கினார். தம் வாழ்வின் இறுதி வரை பிராவிடன்சையே சொந்த ஊராகக் கொண்டார்.

1883 ஆம் ஆண்டில், 15 ஆம் வயதில், டேவிட் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தையான மேபல் குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. டேவிட் ஜோன்ஸ் தொடக்கத்தில் மனைவியின் நிகழ்ச்சிகளை மேலாண்மை செய்தார். ஆனால் அவரது சூதாட்டப் பழக்கமும் குடிப்பழக்கமும் மனைவியின் வருவாயைக் கரைத்தன. 1890களின் இறுதியில் இத்திருமணம் மணமுறிவில் முடிந்தது. ஜோன்ஸ் என்னும் பெயரை மட்டும் பாடகி தொடர்ந்து வைத்துக்கொண்டார்.

இசைப் பயிற்சியும் முதல் மேடைகளும்

திருமணம் நடந்த அதே ஆண்டில் பிராவிடன்ஸ் இசைக் கழகத்தில் சேர்ந்து முறையான குரற்பயிற்சி பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியிலும் பயின்றார். கறுப்பினப் பாடகர்களிடம் அக்காலத்து அமெரிக்கப் பார்வையாளர்கள் எதிர்பார்த்தவை பெரும்பாலும் தோட்டப்புறப் பாடல்களும் நகைச்சுவைப் பாடல்களுமே ஆகும். சிசியரெட்டா பயின்றதோ வெர்டி, குனோ, மேயர்பீர் முதலிய ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் பாடல்கள். தமது இசை நிகழ்ச்சிகளில் இவ்விரு வகைகளையும் இணைத்தே பாடினார். வெர்டியின் லா திராவியாட்டா ஆப்பெராவிலிருந்து கடினமான ஒரு பாடலைப் பாடி முடித்தபின், ரசிகர்கள் மீண்டும் பாட வேண்டும்போது ஸ்டீபன் ஃபாஸ்டரின் ஸ்வானி ஆற்றுப் பாடலைப் பாடுவது இவரது வழக்கமாயிற்று.

1888 ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் ஸ்டைன்வே மண்டபத்தில் பாடினார். அதே ஆண்டில் கறுப்பினக் கலைஞர் குழு ஒன்றின் முதன்மைப் பாடகியாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பயணமானார். ஜமைக்கா தொடங்கி கரீபியன் பகுதியின் பல துறைமுக நகரங்களில் பாடினார். ஆங்காங்கே அரசு அலுவலர்களும் ஊர்ப் பெரியோரும் இவருக்குப் பதக்கங்கள் அணிவித்தனர். அடுத்தடுத்த பயணங்களில் இப்பதக்கங்களின் எண்ணிக்கை பெருகியது. இவரது நிழற்படங்களிலும் சுவரொட்டிகளிலும் மேலாடையின் மார்புப் பகுதியில் வரிசையாகத் தொங்கும் பதக்கங்களைக் காணலாம்.

பிளாக் பட்டி என்னும் பெயர்

அக்காலத்தில் உலகின் மிகப் புகழ்பெற்ற சொப்ரானோ பாடகி அடெலினா பட்டி (1843–1919) ஆவார். இத்தாலியப் பெற்றோருக்கு மாட்ரிட் நகரில் பிறந்தவர். அமெரிக்க நாளிதழ்கள் சிசியரெட்டாவை அவருடன் ஒப்பிட்டு பிளாக் பட்டி, அதாவது கறுப்பினப் பட்டி, என அழைத்தன. நிகழ்ச்சி அமைப்பாளர்கள் இப்பெயரைச் சுவரொட்டிகளில் பெரிய எழுத்துகளில் அச்சிட்டனர்.

சிசியரெட்டா இப்பெயரை விரும்பவில்லை. தம்மை மற்றொருவரின் நிழலாக அது காட்டுவதாகக் கருதினார். ஆனால் நுழைவுச்சீட்டுகளை விற்றுத்தரும் பெயர் என்பதால் அதிலிருந்து விடுபட இயலவில்லை. இறுதியில் இவரது கலைக்குழுவின் பெயரிலும் அதுவே இடம்பெற்றது.

1892 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள்

சிசியரெட்டாவின் புகழ் நாடளாவியதாக மாறியது 1892 ஆம் ஆண்டிலாகும்.

பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் முன்னிலையில் பாடினார். கறுப்பினப் பாடகியான மேரி செலிகா 1878 இலேயே அங்கு பாடியிருந்தார். அவ்வகையில் சிசியரெட்டா முதலாமவர் அல்லர்.

ஏப்ரலில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் மூன்று நாட்கள் நடைபெற்ற மாபெரும் விழாவில் முதன்மைப் பாடகியாகத் தோன்றினார். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், அப்பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை இவரது குரல் எட்டியது. இவ்விழாவுக்குப் பின்னரே நியூயார்க் நாளிதழ்கள் இவரைப் பற்றி விரிவாக எழுதின.

ஜூன் 15 அன்று, முந்தைய ஆண்டில்தான் திறக்கப்பட்டிருந்த கார்னெகி மண்டபத்தின் கீழ்த்தள இசையரங்கில் பாடினார். கார்னெகி மண்டபத்தில் பாடிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் இவரே.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பிட்ஸ்பர்க் கண்காட்சியில் ஒரு வாரம் பாடுவதற்காக 2,000 டாலர் கட்டணம் பேசப்பட்டது. கறுப்பினக் கலைஞர் ஒருவருக்கு அதுவரை தரப்பட்ட மிக உயர்ந்த தொகையாக இது கூறப்படுகிறது. ஒப்பீட்டுக்காக, அடெலினா பட்டி தம் உச்ச காலத்தில் ஒரே இரவுக்கு 5,000 டாலர் பெற்றவர் என்பதைக் குறிப்பிடலாம்.

ஒப்பந்தமும் வழக்கும்

1892 ஆம் ஆண்டில் மேஜர் ஜேம்ஸ் பாண்ட் என்பவர் சிசியரெட்டாவின் மேலாளரானார். எழுத்தாளர் மார்க் டுவைன் உள்ளிட்ட பலரின் சொற்பொழிவுப் பயணங்களை அமைத்தவர் அவர். ஒப்பந்தத்தின்படி சிசியரெட்டாவுக்கு வாரம் 150 டாலரும் பயணச் செலவும் வழங்கப்பட்டன. இவரது நிகழ்ச்சிகள் ஈட்டிய தொகையோ இதனைவிடப் பல மடங்கு. 1893 இல் இவர் தாமாகவே நிகழ்ச்சிகளை ஏற்கத் தொடங்கியபோது, பாண்ட் நீதிமன்றத்தை நாடினார். நியூயார்க் நீதிமன்றம் பாண்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தம் பெயரால் ஈட்டப்படும் பணத்தின் பெரும்பகுதி பிறர் கைக்குச் செல்வது இவரது வாழ்வில் இதனுடன் முடிந்துவிடவில்லை.

துவோராக்குடன் ஒரு மேடை

செக் நாட்டு இசையமைப்பாளர் அன்டோனின் துவோராக் 1892 முதல் 1895 வரை நியூயார்க்கில் அமைந்த தேசிய இசைக் கழகத்தின் இயக்குநராக இருந்தார். அமெரிக்காவின் எதிர்கால இசை கறுப்பின மக்களின் பாடல்களை அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்பது அவரது கருத்து. அவரது கழகம் கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது.

ஜனவரி 23, 1894 அன்று ஏழைகளுக்கு ஆடை வழங்கும் நிதிக்காக மேடிசன் சதுக்கத் தோட்டத்தின் இசையரங்கில் துவோராக் ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். மேடையில் இருந்தோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஸ்டீபன் ஃபாஸ்டரின் ஸ்வானி ஆற்றுப் பாடலுக்குத் துவோராக் இந்நிகழ்ச்சிக்காகவே இசைக்குழு வடிவம் அமைத்திருந்தார். சிசியரெட்டாவும், துவோராக்கின் மாணவரும் பாடகருமான ஹாரி பர்லேயும் அதனைத் தனிக்குரலில் பாடினர். சிசியரெட்டா இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் ஸ்தாபாத் மாத்தெர் என்னும் சமய இசைப் படைப்பிலிருந்தும் ஒரு பகுதியைப் பாடினார்.

மூடியிருந்த கதவு

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கு 1883 இல் திறக்கப்பட்டது. அங்கு வெர்டியின் ஐடா, மேயர்பீரின் ஆப்பிரிக்கப் பெண் ஆகிய ஆப்பெராக்களில் சிசியரெட்டாவை நடிக்க வைப்பது குறித்துப் பேசப்பட்டதாக 1892 ஆம் ஆண்டு வாக்கில் செய்திகள் வந்தன. அது நடைபெறவில்லை. ஐடாவின் நாயகி எத்தியோப்பிய இளவரசி. ஆயினும் அப்பாத்திரத்தை மேலைநாட்டு மேடைகளில் வெள்ளையினப் பாடகியரே தோலுக்கு நிறம் பூசிக்கொண்டு ஏற்று வந்தனர்.

ஆப்பெரா என்பது ஒருவர் தனியே நடத்தக்கூடிய கலை அன்று. இசைக்குழு, சேர்ந்திசைப் பாடகர்கள், உடன் நடிப்போர், உடைகள், திரைச்சீலைகள், இவை அனைத்தையும் தாங்கும் அரங்கு ஆகியவை தேவை. இவற்றைக் கொண்டிருந்த நிறுவனங்கள் கறுப்பினப் பாடகியை ஏற்காததால், சிசியரெட்டாவுக்கு இசைக் கச்சேரி மேடை ஒன்றே எஞ்சியது. கச்சேரி மேடையிலோ கறுப்பினப் பாடகியர் மீது வெள்ளையினப் பார்வையாளர் கொண்ட ஆர்வம் புதுமை குறையக் குறையத் தேய்ந்தது.

1895 ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்ற சிசியரெட்டா பெர்லின் நகரின் வின்டர்கார்டன் அரங்கிலும் பிற நகரங்களிலும் பாடினார். ஐரோப்பாவில் தம் தோலின் நிறத்தைவிடத் தம் கலையே பார்க்கப்பட்டதை இவர் உணர்ந்தார். எனினும் நோயுற்ற தாயும் உற்றாரும் அமெரிக்காவில் இருந்தனர். சிசியரெட்டா நாடு திரும்பினார்.

பிளாக் பட்டி ட்ரூபடூர்ஸ்

1896 ஆம் ஆண்டு மே மாதத்தில், பிளெஸ்ஸி எதிர் பெர்குசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனங்களைப் பிரித்துவைக்கும் சட்டங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தொடர்வண்டிகளில் கறுப்பினத்தவருக்குத் தனிப்பெட்டி ஒதுக்கியதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு அது. அதே ஆண்டின் பிற்பகுதியில், தொடர்வண்டியை நம்பியே இயங்கவேண்டிய ஒரு கறுப்பினக் கலைக்குழு நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. அதன் பெயர் பிளாக் பட்டி ட்ரூபடூர்ஸ். ட்ரூபடூர் என்பது இடைக்கால ஐரோப்பாவின் பாணரைக் குறிக்கும் சொல். குழுவை அமைத்து நடத்தியவர்கள் ருடால்ஃப் வோல்கெல், ஜான் நோலன் என்னும் வெள்ளையினத்தவர் இருவர். குழுவில் சுமார் 40 கலைஞர்கள் இருந்தனர்.

குழுவின் நிகழ்ச்சி மூன்று பகுதிகளைக் கொண்டது.

முதற்பகுதி ஆடல் பாடல் கலந்த நகைச்சுவை நாடகம். கறுப்பினத்தவரை ஏளனமாகச் சித்திரிக்கும் மின்ஸ்ட்ரல் மேடை மரபின் கூறுகள் இதில் நிறைந்திருந்தன.

இரண்டாம் பகுதி பல்சுவை நிகழ்ச்சி. கழைக்கூத்து, கைவித்தை, நகைச்சுவைப் பேச்சு, கேக்வாக் என்னும் நடனம் முதலியன இதில் இடம்பெற்றன.

மூன்றாம் பகுதி ஆப்பெராக் காட்சிகளின் தொகுப்பு. உரிய ஆடை அணிகளுடனும் திரைச்சீலைகளுடனும், குழுவினர் சேர்ந்திசை பாட, சிசியரெட்டா முதன்மைப் பகுதிகளைப் பாடினார். டொனிசெட்டியின் லூசியா, வெர்டியின் இல் ட்ரொவடோரே, ஃபிளோட்டோவின் மார்த்தா, பீசேயின் கார்மென் முதலிய ஆப்பெராக்களிலிருந்து காட்சிகள் தெரிவு செய்யப்பட்டன.

தொடக்க ஆண்டுகளில் சிசியரெட்டா முதலிரு பகுதிகளில் தோன்றுவதில்லை. மூன்றாம் பகுதியில் மட்டுமே மேடைக்கு வந்தார். ஆப்பெரா அரங்குகள் தர மறுத்த சேர்ந்திசையும் உடையும் காட்சியமைப்பும், முழுமையாக இல்லாவிடினும், இவ்வாறு இவருக்குக் கிடைத்தன. அதற்கு விலையாக, தம் இனத்தை எள்ளி நகையாடும் காட்சிகளுக்குப் பின் மேடையேற வேண்டியிருந்தது. இதனைக் குறைகூறியோர் உண்டு. மறுபுறம், கலைக்குழு ஆண்டுதோறும் மாதக் கணக்கில் தவறாத வேலையையும் ஊதியத்தையும் இவருக்கும் பிற கலைஞர்களுக்கும் அளித்தது.

பயண வாழ்க்கை

ஒவ்வொரு பருவமும் கோடையின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டின் வசந்தம் வரை நீடித்தது. பெருநகரங்களில் சில நாட்களும் சிற்றூர்களில் ஒரே ஓர் இரவும் தங்கி, குழு நாட்டின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தது. கிழக்குக் கடற்கரை, தென் மாநிலங்கள், கலிபோர்னியா, கனடா எனப் பயண வழி விரிந்தது.

பல ஊர்களில் கறுப்பினத்தவருக்கு விடுதிகள் அறை தருவதில்லை. உணவகங்கள் உணவு தருவதில்லை. எனவே உண்ணவும் உறங்கவும் வசதி கொண்ட தனித் தொடர்வண்டிப் பெட்டி ஒன்றில் குழு பயணம் செய்தது. விளம்பரங்களில் இப்பெட்டி ஆடம்பரமாகக் காட்டப்பட்டாலும், அதன் தேவை நிறப் பிரிவினையிலிருந்து எழுந்ததாகும். தென் மாநிலங்களின் அரங்குகளில் கறுப்பினப் பார்வையாளர்கள் பெரும்பாலும் மேல்மாட இருக்கைகளில் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். மேடையில் நிற்கும் பாடகி அவர்கள் இனத்தவர் என்பதாலும் இவ்விதி தளரவில்லை. ஆயினும் அந்த மேல்மாடத்தில் இருந்தோரில் பலர், ஆப்பெராப் பாடலை முதன்முதலாகக் கேட்டது இவரது குரலில்தான்.

குழுவில் வளர்ந்த கலைஞர்கள்

கறுப்பினக் கலைஞர் பலருக்கு இக்குழு பயிற்சிக் களமாக விளங்கியது. முதல் பருவத்தின் நகைச்சுவை நாடகத்தை எழுதி நடித்தவர் பாப் கோல். ஊதியம் குறித்து உரிமையாளர்களுடன் முரண்பட்டு 1897 இல் குழுவை விட்டு விலகினார். பின்னர் கறுப்பினத்தவரே எழுதி, இயக்கி, தயாரித்த இசை நாடகத்தை மேடையேற்றி அமெரிக்க நாடக வரலாற்றில் இடம்பெற்றார். நகைச்சுவை நடிகர் எர்னஸ்ட் ஹோகன், நடனக் கலைஞர் ஐடா ஓவர்ட்டன் வாக்கர், நாடக ஆசிரியரும் நடிகருமான சேலம் டட் விட்னி ஆகியோரும் இக்குழுவில் பணியாற்றியவர்களே.

காலப்போக்கில் மக்களின் சுவை மாறியது. பல்சுவைத் துணுக்குகளைவிடக் கதையோட்டமுள்ள இசை நாடகங்கள் விரும்பப்பட்டன. குழுவின் பெயர் பிளாக் பட்டி இசை நகைச்சுவை நாடகக் குழு என மாற்றப்பட்டது. சிசியரெட்டாவும் நாடகங்களில் பாத்திரம் ஏற்று நடிக்கத் தொடங்கினார். 1911 ஆம் ஆண்டளவில் மேடையேறிய ஒரு நாடகத்தில் ஆப்பிரிக்க அரசியாக நடித்தார். ஐடாவாக நடிக்க இயலாதவருக்குக் கிடைத்த அரச வேடம், நகைச்சுவை நாடகம் ஒன்றின் கற்பனை அரசியினுடையது.

இறுதி ஆண்டுகள்

1910களில் திரைப்படக் கொட்டகைகள் சிற்றூர்கள் வரை பரவின. பயண நாடகக் குழுக்கள் நாடெங்கும் நலிவுற்றன. 1915 ஆம் ஆண்டில் சிசியரெட்டாவின் குழுவும் கலைந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் நியூயார்க்கின் லாஃபாயெட் அரங்கில் பாடியதே இவரது கடைசி மேடைகளுள் ஒன்று. அப்போது இவருக்கு வயது 47.

அதன்பின் பிராவிடன்சில் தம் தாயைப் பராமரித்து வாழ்ந்தார். ஆதரவற்ற குழந்தைகளையும் வீட்டில் வைத்து வளர்த்தார். தேவாலயத்தில் பாடுவதைத் தவிர வேறு மேடை இல்லை. சேமிப்பு தீர்ந்தபின், தமக்குச் சொந்தமான வீடுகளை ஒவ்வொன்றாக விற்றார். நகைகளும் பதக்கங்களும் விற்கப்பட்டன. கடைசி ஆண்டுகளில் அரசின் உதவித்தொகையையும் நண்பர்களின் துணையையும் நம்பி வாழ நேர்ந்தது. நகரின் கறுப்பினத் தலைவர்களுள் ஒருவரான வில்லியம் ஃப்ரீமன் இவரது வீட்டு வரியையும் எரிபொருள் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட சிசியரெட்டா ஜூன் 24, 1933 அன்று பிராவிடன்சில் காலமானார். இவரது உடல் கிரேஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையில் பெயர் பொறித்த கல் எதுவும் அப்போது நாட்டப்படவில்லை.

இவர் இறந்து ஒரு மாதம் நிறைவதற்குள், ஜூலை 22, 1933 அன்று, நியூயார்க்கின் ஹிப்போட்ரோம் அரங்கில் கேத்தரினா ஜார்போரோ என்னும் கறுப்பினப் பாடகி ஐடாவாக நடித்தார். மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கில் கறுப்பினப் பாடகியான மரியன் ஆண்டர்சன் பாத்திரம் ஏற்றுப் பாட 1955 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பதிவு பெறாத குரல்

சிசியரெட்டாவின் குரல் பதிவு எதுவும் அறியப்படவில்லை. இவர் பயணம் செய்த ஆண்டுகளில்தான் இசைத்தட்டுத் தொழில் வளர்ந்தது. இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூசோவின் இசைத்தட்டுகள் 1902 முதல் உலகெங்கும் பரவின. அடெலினா பட்டி 60 வயதைக் கடந்தபின், 1905 ஆம் ஆண்டிலும் 1906 ஆம் ஆண்டிலும் வேல்சில் உள்ள தம் மாளிகையில் பாடிய பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களோ அக்காலத்தில் கறுப்பினக் கலைஞர்களிடம் பெரும்பாலும் நகைச்சுவைப் பாடல்களையே நாடின. 1917 ஆம் ஆண்டளவில்கூட, கறுப்பினப் பாடகர் ரோலண்ட் ஹேய்ஸ் செவ்வியல் பாடல்களைத் தம் சொந்தச் செலவிலேயே பதிவு செய்ய வேண்டியிருந்தது.

1927 ஆம் ஆண்டில் சிகாகோவில் கறுப்பினத்தவரான மேயோ வில்லியம்ஸ் பிளாக் பட்டி என்னும் பெயரில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சில மாதங்களே இயங்கிய அந்நிறுவனத்தின் தட்டுகள் இன்று சேகரிப்பாளர்களால் பெரிதும் தேடப்படுகின்றன. அப்பெயருக்கு உரியவர் அப்போது உயிருடன் இருந்தார். ஆயினும் அத்தட்டுகள் எதிலும் அவரது குரல் இல்லை.

நினைவு

சிசியரெட்டா சேர்த்து வைத்திருந்த நாளிதழ் நறுக்குகள் அடங்கிய தொகுப்பேடு வாஷிங்டன் நகரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இவரது வாழ்க்கை பற்றிய விரிவான நூல் ஒன்றை மொரீன் லீ 2012 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2018 ஆம் ஆண்டில், தம் பக்கங்களில் உரிய இரங்கற் குறிப்பு பெறாதவர்களுக்காக நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டு வந்த தொடரில் இவரைப் பற்றிய கட்டுரை இடம்பெற்றது. அதே ஆண்டில், இவர் இறந்து 85 ஆண்டுகளுக்குப் பின்னர், பிராவிடன்சில் உள்ள இவரது கல்லறையில் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது.